பேத்தையும் துருசும்

பேத்தை மீனைத் தின்றால் சாவு என்று முல்லைத்தீவுக் கரையில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். என் பெரியப்பாவுக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் தின்றார்.

1990களின் நடுப்பகுதி. வன்னிக்குள் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெயைப் போத்தல் மூடியால் அளந்து ஜாம் போத்தல் விளக்குக்கு விட்ட காலம். படகு இயந்திரங்கள் எண்ணெய் இல்லாமல் கொட்டில்களில் சாக்குப் போர்த்திக் கிடந்தன. ஆழக்கடலுக்குப் போக வழியில்லை. கரைவலை மட்டும் ஓரளவு நடந்தது. சூடையும் சாளையும் படாத நாளில் வலை மடியின் அடியில் பேத்தை மட்டும் வயிற்றை ஊதிக்கொண்டு, பல்லை நெறுமிக்கொண்டு கிடக்கும். அதைக் காலால் தட்டிவிடுவதுதான் வழக்கம். அன்று பெரியப்பா நான்கைந்தைப் பொறுக்கிப் பறியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அவர் முட்டாள் அல்லர். அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. கடல் நஞ்சு என்றால் அவர் உடம்பால் அறிந்தது திருக்கை முள். முள் ஏறினால், தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு இருப்பார்கள். வலி மெல்ல இறங்கும். சூட்டுக்கு நஞ்சு அடங்கும் என்பது அவருக்குக் கைகண்ட உண்மை. ஆகவே ஈரல், சினை, தோல் எல்லாவற்றையும் களைந்து, நாலு தண்ணீரில் கழுவி, வழமையைவிட இரண்டு மடங்கு நேரம் புளியில் கொதிக்கவைத்தார். பெரியம்மாவையும் பிள்ளைகளையும் சட்டிக்குக் கிட்டவும் விடவில்லை. "முதலில் நான் தின்று பார்க்கிறேன்" என்றார்.

திருக்கை விடயத்தில் அவர் கணக்குச் சரி. அந்த முள்ளின் நஞ்சு புரதம். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் இறுகுவதுபோல, அதுவும் சூட்டில் உருக்குலையும். பேத்தையின் நஞ்சு புரதமே அல்ல. சீனி மூலக்கூறைவிடவும் சற்றுச் சிறிய ஒரு பொருள். கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அசையாது. யப்பானியரான யொஷிசுமி தகாரா 1909இல் அதற்கு டெட்ரோடொக்சின் என்று பெயர் வைத்தார். பேத்தைக் குடும்பத்துக்கு விஞ்ஞானத்தில் நாற்பல்லன் என்ற பொருளில் பெயர். நஞ்சின் பெயரும் அதிலிருந்து வந்தது. மேலே இரண்டு, கீழே இரண்டாக அந்த நான்கு பல்லும் வலையை நறுக்கும் அழகைப் பார்த்தவர்கள் பெயரில் குறை சொல்லமாட்டார்கள்.

அரை மணித்தியாலத்தில் உதடு விறைத்தது. நாக்கில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்றார். பிறகு விரல் நுனிகள். ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டு எழும்பப் போனவர், எழும்ப முடியாமல் திண்ணையில் அப்படியே சரிந்தார். மண்ணெண்ணெயில் ஓடிய லாண்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றினார்கள். போகிற வழியில் பேச்சுக் குழறியது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது கையைத் தூக்கிப் போட்டால் போட்ட இடத்தில் கிடந்தது. மூச்சு, கோழிக்குஞ்சின் மூச்சாக இருந்தது.

எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை. இல்லாமைதான் அன்று எல்லா மருத்துவமனைகளின் பெயரும். சுவாச இயந்திரம் இல்லை. தொண்டைக்குள் இறக்க ஒரு குழாய், அமத்த ஒரு ரப்பர்ப் பை, தலைமாட்டில் ஒரு பெற்றோமக்ஸ். "இதற்கு மருந்து இல்லை. நஞ்சு கழியும்வரை இவருடைய மூச்சை நாங்கள் விடவேண்டும். முடியுமா?" என்று மருத்துவர் கேட்டாராம். (இன்றைக்கும் மாற்று மருந்து கிடையாது. அன்று அவர் சொன்னதுதான் இன்றைக்கும் வைத்தியம்.)

வந்திருந்தவர்கள் எல்லாரும் கரைவலை இழுப்பவர்கள். நாலைந்து விநாடிக்கு ஒருமுறை பையை அமத்தவேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முதல் அரை மணித்தியாலம் ஆளுக்கு ஒரு வேகத்தில் அமத்தினார்கள். தாதி இரண்டு தரம் ஏசினார். பிறகு யாரோ ஒருவர் வலை இழுக்கும் பாட்டான அம்பாவை வாய்க்குள் முணுமுணுக்கத் தொடங்க, அந்தத் தாளத்துக்குக் கை பழகிவிட்டது. வலைக் கயிறான கம்பானை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏந்துவதுபோல, ஒருவர் கை ஓய மற்றவர் கை வாங்கியது. நான் அப்போது பத்து வயதுப் பையன். வாசலில் குந்தியிருந்து பார்த்தேன். இப்போது எங்கள் கரையில் வலையை உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் இழுக்கிறது. அம்பா பாட ஆள் இல்லை.

நள்ளிரவு தாண்டி ஒருவர் கண்ணை விரித்து வெளிச்சம் பிடித்துப் பார்த்தார். கண்மணி அகன்றபடியே நின்றது. "சரி, முடிந்தது" என்றார். பெரியம்மா குரல் எடுத்தார். மாமா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "எழும்பு மச்சான். நீ எழும்பினால் அந்த இயந்திரத்தை உனக்கே தந்துவிடுகிறேன்" என்று அழுதார். எட்டுக் குதிரைவலு இயந்திரம் ஒன்றின்மேல் இரண்டு பேருக்கும் நீண்டகாலப் பிணக்கு. தாதி மட்டும் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இதயம் அடிக்கிறது, பையை நிற்பாட்டவேண்டாம்" என்றார். நிற்பாட்டவில்லை.

அடுத்த நாள் பின்நேரம் சின்னி விரல் அசைந்தது. அதற்கடுத்த நாள் குழாயை எடுத்தார்கள். பெரியப்பா பேசிய முதல் வசனம், "மச்சான், இயந்திரம் எப்போது தருகிறாய்?"

எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "முடிந்தது" என்றதை, அழுகையை, பெட்டிக்குப் பலகை தேடவேண்டும் என்று வாசலில் யாரோ குசுகுசுத்ததை. கண்ணைத் திறக்க முடியவில்லை, விரலை ஆட்ட முடியவில்லை. ஆனால் உள்ளே ஆள் முழுசாக விழித்தபடி இருந்திருக்கிறார். மாமா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இயந்திரம் வந்தது.

மூச்சு நின்றவரின் இதயம் ஏன் நிற்கவில்லை, அசையாதவருக்கு எப்படிக் காது கேட்டது என்ற இரண்டு கேள்விகளும் என்னை விடவில்லை. உயிரியல் படித்ததற்கும், இப்போது உயர்தர மாணவர்களுக்கு அதையே படிப்பிப்பதற்கும் அந்த இரவுதான் காரணம் என்று சொன்னால் பெரியப்பா சிரிப்பார்.

விடை கலத்தின் மென்சவ்வில் இருக்கிறது. அதில் அயன்கள், அதாவது மின்னேற்றம் கொண்ட அணுக்கள், போய்வரும் வழிகளைத் தமிழில் 'கால்வாய்' என்று எழுதுகிறோம். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. கால்வாய் திறந்து கிடப்பது. அதற்குக் கதவு இல்லை. வகுப்பில் நான் 'துருசு' என்றுதான் சொல்வேன். துருசு என்றால் குளக்கட்டின் மதகு. அம்மாவின் ஊர் ஒட்டுசுட்டான் பக்கம். முத்தையன்கட்டுக் குளத்து நீரில் வயல் செய்தவர் என் அம்மப்பா. குளக்கட்டின் ஒரு பக்கம் நீர் மலைபோல் நிற்கும், மறுபக்கம் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். துருசுக் கதவைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும். நீரை யாரும் தள்ளத் தேவையில்லை, மட்ட வேறுபாடே தள்ளும். எப்போது, எவ்வளவு நேரம் என்பதை நீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானை சொல்வார். நரம்புக் கலமும் இப்படித்தான். வெளியே சோடியம் உள்ளே இருப்பதைப்போல் பத்து மடங்குக்கு மேல். மென்சவ்வில் சோடியத் துருசுகள். மின்னழுத்தம் கொஞ்சம் மாறியதும் ஒன்று திறக்கும், சோடியம் பாயும், அந்தப் பாய்ச்சல் அடுத்த துருசைத் திறக்கும். நரம்பில் ஓடும் செய்தி, அதாவது கணத்தாக்கம் என்பது இப்படி வரிசையாகத் துருசுகள் திறந்து மூடிக்கொண்டு ஓடுவதுதான்.

பேத்தை நஞ்சு என்ன செய்கிறது? நேர்மின்னேற்றம் கொண்ட அதன் தலை, சோடியம் நுழையும் வாயில் வெளிப்பக்கத்திலிருந்து போய் இறுகிவிடுகிறது. துருசு வாயில் மரக்கட்டை செருகியதுபோல. கதவு பழுதாகவில்லை, கட்டு உடையவில்லை, நீர்மட்டமும் அப்படியே. பாய்ச்சல் மட்டும் இல்லை. இதைக் காட்டியவர் தொஷியோ நரஹாஷி. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சிங்கி இறாலின் தடித்த நரம்பை எடுத்து, அதன் மின்னோட்டத்தைச் சோடியம் வேறு, பொற்றாசியம் வேறு எனப் பிரித்து அளந்தார். நஞ்சை இட்டதும் சோடிய ஓட்டம் மறைந்தது. பொற்றாசிய ஓட்டத்தில் கை படவில்லை. 1964இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகு, உலகெங்கும் நரம்பு ஆய்வுகூடங்களில் டெட்ரோடொக்சின் ஒரு கருவி. நாங்கள் காலால் தட்டிவிடும் மீனின் ஈரல்!

பெரியப்பாவின் இதயம் அடித்ததற்குக் காரணம், இதயத் தசையின் சோடியத் துருசு வேறு வார்ப்பு என்பது. நஞ்சு பொருந்தும் வாயருகே ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அதனால் அங்கே கட்டை இறுகுவதில்லை. அந்தத் துருசை அடைக்க நூறு மடங்குக்கும் மேல் நஞ்சு வேண்டும். காது கேட்டதற்குக் காரணம், இரத்தத்திலிருந்து மூளைக்குள் இந்த நஞ்சு இலகுவில் புகுவதில்லை. மூச்சை இழுக்கும் உதரவிதானத் தசைக்குப் போகும் நரம்பு, கையின் நரம்பு, நாக்கின் நரம்பு எல்லாம் அடைபட்டுக் கிடக்க, மூளை தன் வீட்டுக்குள் விளக்கேற்றி வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறது.

ஆனால் சோடியம் செய்தியைக் கொண்டு ஓடுகிற ஆள்தான். தசையைச் சுருக்குகிற வேலை அதனிடம் இல்லை. அது கல்சியத்தின் வேலை. நரம்பின் நுனிக்குச் செய்தி வந்துசேர்ந்ததும் அங்கே கல்சியத் துருசுகள் திறக்கும். கல்சியம் உள்ளே பாய்ந்தால்தான் தசையைத் தூண்டும் அசற்றைல்கோலின் அடைத்த சிறுபைகள் வெடித்துத் தசைமேல் கொட்டும். தசைக்குள்ளும், சேமித்துவைத்த கல்சியம் அவிழ்ந்தால்தான் இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கும். பெரியப்பாவின் உதரவிதானத்தில் எல்லாக் கல்சியமும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. அதை அவிழ்க்கச் சொல்லி ஒரு செய்தியும் வரவில்லை, அவ்வளவுதான்.

கல்சியத்தைக் கலம் நடத்தும் விதம் எனக்கு எப்போதும் வியப்பு. வெளியே இருப்பதில் ஏறக்குறையப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே உலவ விடப்படுகிறது. மாரியில் இரணைமடுக் குளம் வான் பாயும் நாளிலும் கட்டுக்கு இரு பக்கமும் அப்படி ஒரு வித்தியாசம் வராது. ஏன் இந்தக் கெடுபிடி? எங்கள் வீட்டுக் கேத்தலைக் கவிழ்த்துப் பார்த்தால் தெரியும். கிணற்றுத் தண்ணீரின் கல்சியம் அடியில் வெள்ளை ஓடாகப் பிடித்திருக்கும். அம்மா தேசிக்காய்ப் பாதியால் தேய்ப்பார். கலத்துக்குள் பொசுபேற்று நிறைய உண்டு. கல்சியத்தைத் தாராளமாக விட்டால் அதோடு சேர்ந்து படிந்துவிடும். ஆகவே கலம் அதை ஓயாமல் வெளியே இறைக்கிறது. இறைத்து இறைத்து உள்ளே வெறுமையாக வைத்திருப்பதால், ஒரு துளி உள்ளே வந்தாலும் அது பெரிய செய்தியாகிவிடுகிறது. அமைதியான வீட்டில் கரண்டி விழுந்த சத்தம் போல.

கல்சியம் இல்லாமல் எதுவும் அசையாது என்பதைக் கண்டுபிடித்ததும் தண்ணீரால் வந்த ஒரு தவறுதான். இலண்டனில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் அடிக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சி வடித்த நீரில் கலந்தது என்று நினைத்த கரைசல், உண்மையில் குழாய்த் தண்ணீரில் கலந்தது. சுத்தமான நீருக்கு மாற்றியதும் இதயம் ஓய்ந்துவிட்டது. அந்த நகரத்துக் குழாய்த் தண்ணீரிலிருந்த கல்சியம்தான் அதுவரை அதை அடிக்கவைத்திருந்தது. 1883இல் எழுதிவைத்தார். எங்கள் கிணற்றுத் தண்ணீராக இருந்தாலும் அந்தத் தவளை பிழைத்திருக்கும்.

அந்தக் கல்சியத்தைக் கண்ணால் பார்க்க வழி தந்ததும் ஒரு சொறிமுட்டை (ஜெலிமீன்). 1961இல் ஒசாமு ஷிமோமுரா அமெரிக்காவின் மேற்குக் கரையில் பத்தாயிரம் அளவில் சொறிமுட்டைகளைப் பிடித்து, அவற்றின் ஓரத்திலுள்ள ஒளிரும் பகுதியை வெட்டிச் சேர்த்தார். தொடக்கத்தில், ஒளிரும் பொருளைப் பிரிக்க முடியாமல் அலுத்துப்போய் ஒரு நாள் மிச்சத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றினார். தொட்டியில் கடல்நீர் இருந்தது. தொட்டி முழுக்க நீல ஒளி! கடல்நீரிலிருந்த கல்சியம் அதைப் பற்றவைத்திருக்கிறது. அந்தப் புரதம் பிறகு கலங்களுக்குள் செலுத்தப்பட்டு, கல்சியம் எங்கே எப்போது எழுகிறது என்று மினுங்கிக் காட்டியது. 2008இல் நோபல் பரிசு, அதே சொறிமுட்டையிலிருந்து வந்த பச்சை ஒளிர்வுப் புரதத்துக்காக. நாகசாகிக் குண்டு விழுந்தபோது ஷிமோமுரா பக்கத்து ஊரில் பதினாறு வயதுப் பையன். அந்த வெளிச்சத்தில் சற்று நேரம் கண் தெரியாமல் போனது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்த இடத்தை வகுப்பில் சொல்லும்போது என் மாணவர்கள் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். பதுங்குகுழியில் பிறந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

நேராகக் கல்சியத் துருசிலேயே கை வைக்கிற நஞ்சு வேண்டுமென்றால் மன்னார்ப் பக்கம் போகவேண்டும். மன்னார் வளைகுடாவில் கூம்பு வடிவச் சங்குகள் பல வகை உண்டு. கோலம் போட்டதுபோன்ற ஓட்டைப் பார்த்துப் பிள்ளைகள் எடுத்து மடியில் கட்டிக்கொள்வார்கள். உயிரோடு இருப்பதை எடுக்கக்கூடாது. உள்ளே ஊசி எறியும் பிராணி இருக்கிறது. மீன் தின்னும் இனங்களில் சில மனிதரையும் கொன்றிருக்கின்றன. ஊர்ந்து திரியும் நத்தை நீந்தும் மீனைப் பிடிக்கவேண்டுமென்றால் நஞ்சு நொடியில் வேலை செய்யவேண்டும் அல்லவா? அதனால் ஒன்றல்ல, ஒரு பட்டாளமே வைத்திருக்கிறது: ஒன்று சோடியத் துருசை அடைக்கும், ஒன்று மூடவிடாமல் பிடிக்கும், ஒன்று நரம்பு நுனியின் கல்சியத் துருசை அடைக்கும்.

இதைத் தேடிப் போனவர் பிலிப்பைன்சில் பிறந்த பல்டொமெரோ ஒலிவேரா. அமெரிக்காவில் படித்து ஊர் திரும்பியவருக்கு அங்கே ஆய்வு செய்யக் கருவிகள் இல்லை. சிறுவயதில் சேர்த்த சங்குகளின் ஞாபகம் வர, மலிவாகக் கிடைக்கும் அந்த நத்தைகளை எடுத்துவைத்துக்கொண்டு தொடங்கினார். இல்லாமையில் தொடங்கிய வேலை என்பதால் எனக்கு அந்த மனிதர்மேல் ஒரு தனிப் பிரியம். பிறகு யூட்டாவில் அவருடைய ஆய்வுகூடத்தில் பிரித்தெடுத்த, 25 அமினோ அமிலம் கொண்ட ஒரு நத்தைப் புரதத்தின் நகல் 2004 டிசம்பரில் அமெரிக்காவில் வலி மருந்தாக அனுமதி பெற்றது. சிகொனொடைட் என்று பெயர். வலிச் செய்தியை முண்ணாணில் கைமாற்றும் இடத்தில் கல்சியத் துருசை அடைத்துவிடும். செய்தி நுனிவரை வரும், கதவு திறக்காது. நேரே முள்ளந்தண்டுத் திரவத்துக்குள் செலுத்தவேண்டும், பக்கவிளைவும் உண்டு. எனவே வேறு எதற்கும் அடங்காத வலிக்கு மட்டும்.

அடைப்பதைவிடத் திறந்துவிடுவது கொடிது. மென்சவ்வில் துருசு மட்டுமல்ல, நீரிறைக்கும் இயந்திரமும் உண்டு: ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொற்றாசியத்தை உள்ளே இழுக்கும். ஹவாயில் 1971இல் பிரித்தெடுக்கப்பட்ட பலிடொக்சின் என்ற நஞ்சு அந்த இயந்திரத்தின் இரண்டு பக்க வாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுகிறது. இறைத்த பம்பு ஓட்டையாகிவிட்டது! நந்திக்கடல் களப்பைக் கடலோடு சேர்க்க வட்டுவாகலில் தொடுவாய் வெட்டுவதைப் பார்த்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. மண்வெட்டியால் ஒரு முழ அகலத்தில் கீறிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். பிறகு நந்திக்கடல் தன் வழியைத் தானே அகட்டிக்கொள்ளும். கலத்திலும் சோடியம் புக, மின்னழுத்தம் சரிய, கல்சியத் துருசுகள் எல்லாம் திறக்க, வெளியே பத்தாயிரம் மடங்காக நின்ற கல்சியம் உள்ளே பாயும். தசை இறுகிய இறுக்கத்தில் நிற்கும். கலத்தின் சொந்த நொதியங்களே விழித்துக் கலத்தைத் தின்னும். மைடொடொக்சின் என்று இன்னொன்று இருக்கிறது. தாகிட்டி மீன் ஒன்றின் பெயரைச் சுமப்பது, கடலில் நுண்ணுயிர் செய்யும் பிரமாண்டமான மூலக்கூறு. அதுவும் கல்சிய வெள்ளத்தைத்தான் வரவழைக்கும். ஒரு எலியைக் கொல்ல எடுக்கும் அளவை என் தராசுகள் எதுவும் காட்டா.

இவ்வளவையும் போன வருடம் ஒரு பின்நேரம் பெரியப்பாவிடம் சொன்னேன். துருசு என்றதும் தலையாட்டினார். அவரும் பெண் எடுத்தது குளத்துப் பக்கம்தான். இதயத்துக்கு வேறு துருசு என்றபோது நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். கடைசியில், "அது சரி, அந்தப் பேத்தை ஏன் சாகவில்லை?" என்று கேட்டார். முப்பது பேர் இருக்கும் வகுப்பில் இந்தக் கேள்வி வர இரண்டு வருடம் எடுக்கும். அதன் தசையிலுள்ள சோடியத் துருசும் மாறியிருக்கிறது என்றேன். நஞ்சு பற்றும் இடத்தில் ஒரு அமினோ அமிலம் வேறு. நஞ்சைக்கூட அது தானே செய்வதில்லை, பற்றீரியாக்கள் செய்து இரை வழியாக வந்து சேர்வது. "அப்படியென்றால் இரவல் நஞ்சு" என்றார்.

அடுத்த நாள் விடிய வலை ஏறியது. வின்ச் உறுமி நின்றதும் மடியைக் குலைத்தார்கள். பெரியப்பா இப்போது இழுப்பதில்லை, பார்க்கப் போவார். சூடைகளுக்கு நடுவே இரண்டு பேத்தைகள் வயிற்றை ஊதிக் கிடந்தன. ஒருவன் காலால் தட்டப் போனான். "நில்" என்றார். இரண்டையும் வாலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாடிக்குப் பின்னால் போனார். ஒன்று பல்லை நெறுமும் சத்தம் எனக்குக் கேட்டது. குதிக்காலால் மணலைக் கிண்டி, முழங்கை ஆழம் வந்த பிறகு இரண்டையும் போட்டு மூடி, மேலே ஒரு கல்லையும் உருட்டி வைத்தார். வாடி நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து மோந்து பார்த்தது. அதையும் அதட்டித் துரத்திவிட்டு, கையைக் கடலில் கழுவ இறங்கினார்.